படுதா இறக்கிய ஜீப்

கொரோனாவின் இரண்டாவது அலை அடங்கி, கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. நான் வேலை பார்த்த தனியார் பள்ளி மூடியே கிடந்தது. கணக்கு டீச்சர் என்ற கௌரவத்தை வீட்டில் மடித்து வைத்துவிட்டு, ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களோடு நானும் மலையேறிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்துக்குள் பயமே இல்லை. செடிகளுக்கு நடுவே ஆளுக்கொரு பக்கம் குனிந்து கிடப்போம். கத்திக் கூப்பிட்டால்தான் கேட்கும். வினை ஜீப்பில் இருந்தது. எட்டுப் பேர் உட்கார வேண்டிய இடத்தில் அதற்கு இரண்டு மடங்கு பேர். ஒருத்தி மடியில் இன்னொருத்தி, ஒருத்தி தோளில் இன்னொருத்தியின் தூக்கம். கம்பம்மெட்டு சோதனைச் சாவடி வந்ததும் எல்லா முகத்திலும் மாஸ்க் ஏறும். தாண்டியதும் தாடைக்கு இறங்கிவிடும். பனி காது வழியாகத்தான் உடம்புக்குள் போகும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் தலையையும் காதையும் துண்டால் இறுக்கிக் கட்டியிருப்போம். மூக்கும் வாயும் காற்றாட இருக்கும்.

அன்றைக்குச் சாரல். எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா இருமிக்கொண்டே ஏறினாள். ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப்போகும் அத்தைக்கு அவளைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது.

“பனிக்காத்து பட்டா நெஞ்சுல எறங்கிரும். நீ நடுவுல வாத்தா,” என்று அவளை இழுத்து உட்கார வைத்துவிட்டு, “ஏலே, படுதாவ எறக்கி விடுடா,” என்று டிரைவரை அதட்டினாள்.

படுதா எல்லாப் பக்கமும் இறங்கியது. அக்காவுக்குச் சூடு வரட்டும் என்று இருபுறமும் நெருக்கிக்கொண்டோம். ஒருத்தி முதுகைத் தடவிக் கொடுத்தாள். இன்னொருத்தி பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்து, அக்கா மிச்சம் வைத்ததைத் தான் குடித்தாள். படுதாவைத் தூக்கிவிட்டு, அக்காவைக் காற்றடிக்கும் ஓரத்தில் உட்கார வைத்திருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்போம். ஆனால் உடம்புக்கு முடியாதவளை ஓரத்தில் தள்ள அந்த ஜீப்பில் யாருக்கு மனசு வரும்?

வீட்டில் என் தங்கை நிறைமாதம். இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அவள் கணவர் துபாயில் இருந்தார். பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு கரு கலைந்து, வெகுகாலம் ஏங்கி, அப்புறம் தங்கிய பிள்ளை. அம்மா பால் பாக்கெட்டைக்கூட சோப்புத் தண்ணீரில் கழுவித்தான் உள்ளே எடுப்பாள். காய்கறி வண்டிக்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவாள். நான் மட்டும் ஜீப்பிலிருந்து இறங்கி, கைகாலைக் கழுவிவிட்டு, தங்கையின் வீங்கிய காலுக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்துவிடுவேன். அம்மா பயந்ததெல்லாம் வெளியாட்களுக்குத்தான். நான் வீட்டு ஆள்.

அதற்கப்புறம் அக்கா வேலைக்கு வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் மலையிறங்கும்போது அத்தையின் போன் அடித்தது. பேசி முடித்தவள் எங்களைப் பார்க்காமலே சொன்னாள்.

“அவளுக்குப் பாசிட்டிவாம்டி. ஆஸ்பத்திரில சேத்துட்டாகளாம்.”

சொல்லி வைத்ததுபோல எல்லோரும் எழுந்து, கொட்டுகிற மழையில் படுதாவை அவிழ்த்து மேலே சுருட்டினோம். தொப்பலாக நனைந்தபடி, ஒருவர்மேல் ஒருவர் படாமல் உட்காரப் பார்த்தோம். அந்த ஜீப்பில் அது நடக்கிற காரியமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காமேல், அத்தைமேல், இவ்வளவு தாமதமாக வந்து விழுகிற அந்த மழைக்காற்றின்மேல்கூட.

நான் வீட்டுக்குப் போகவில்லை. சுருளிப்பட்டி போகும் வழியில் சித்தப்பாவின் திராட்சைத் தோட்டம் இருந்தது. அங்கே மோட்டார் ரூமில் போய் உட்கார்ந்துகொண்டு தங்கைக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி, “நீ தனி ரூமுல இரு. சன்னலத் தெறந்து வையி,” என்றேன்.

“நேத்துகூட என் பக்கத்துலதானக்கா படுத்திருந்த?” என்றாள்.

போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் அம்மா தூக்குவாளியோடு வந்தாள். வரப்பிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். வைத்தாள், போகவில்லை. “ஒத்தையில உக்காந்து திங்கிறவள விட்டுட்டு எப்பிடிப் போறது?” என்று வாசற்படிக்கே வந்து உட்கார்ந்தாள். நான் கத்தக் கத்த, எழுந்து வந்து என் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக் காய்ச்சல் பார்த்தாள்.

“கைய எடும்மா! இதே கையோட அங்கன போயி அவளுக்குச் சோறு போடுவியா?”

“பெத்த பிள்ளகிட்ட இருந்து எனக்கு என்னடி ஒட்டிரும்?”

பால் பாக்கெட்டுக்குப் பயந்த மனுஷி பேசுகிற பேச்சு இது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வாளியைத் தள்ளிவிட்டேன். சோறு மண்ணில் கொட்டியது. அம்மா என்னை முறைத்துவிட்டு, காலி வாளியோடு வீட்டுக்குத்தான் போனாள்.

எங்கள் மூன்று பேருக்கும் சளி டெஸ்ட் எடுத்தார்கள். எனக்குப் பாசிட்டிவ், வாசனை தெரியாமல் போனதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. அம்மாவுக்கும் பாசிட்டிவ், அதற்குள் இருமத் தொடங்கியிருந்தாள். அந்தக் கையாலா, அதற்கு முன்பே நான் வீட்டுக்குள் விட்ட மூச்சாலா, யார் கண்டது. தங்கைக்கு இல்லை. “இப்பதைக்கு இல்லம்மா. இனிமே வரலாம், மறுபடியும் எடுத்துப் பாக்கணும்,” என்றார் நர்ஸ். அந்த ‘இப்பதைக்கு’ என் தூக்கத்தைப் பறித்துவிட்டது.

அம்மாவும் மோட்டார் ரூமுக்கு வந்தாள். தங்கை வீட்டில் தனியாகக் கிடந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவாள். நான் அடிக்கடி போன் போட்டு, அவள் பேசுவதை விட்டுவிட்டு அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை தொண்டையைச் செருமினாள். “என்னடி அது?” என்று அலறிவிட்டேன். “அப்பளத்தூளுக்கா,” என்றாள்.

ஒரு காலையில் அவளே கூப்பிட்டாள். “பனிக்குடம் ஒடஞ்சிருச்சுக்கா.”

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டேன். கூடப் போக ஆள் வேண்டுமே? அவளைத் தொட எங்களுக்கு வழியில்லை. தெரிந்த பெண்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒருத்தி கைப்பிள்ளையைக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். ஒருத்தி எடுக்கவே இல்லை. தலையில் அடித்துக்கொண்டு நின்றபோது தங்கையின் நம்பரிலிருந்து தெருக்கோடி அக்கா பேசினாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பியதே எனக்குத் தெரியாது.

“ஆம்புலன்சு சத்தங் கேட்டு வந்தேன். எனக்கு வந்து போயிருச்சு. இனிமே என்னால யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரு சொல்லித்தான் அனுப்புனாக. நான் ஏறிட்டேன், நீ பதறாத.”

எந்தப் பெண்ணின் இருமலை நினைத்து இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனோ, அவள் மடியில் என் தங்கை தலை வைத்துப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவும் நானும் போனை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா இருமும்போதெல்லாம், போன் அடிப்பது காதில் விழாமல் போய்விடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மத்தியானம் அது அடித்தது.

“பொம்பளப் பிள்ள. தாயிக்கு மறுபடி டெஸ்ட் எடுத்துட்டாக. ஒண்ணுமில்லயாம்டி.”

அம்மா சுவரோடு சாய்ந்து அழுதாள். அக்காவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அம்மாவின் இருமல் மெல்ல அடங்கியது. இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வீட்டுக்குப் போனோம். அம்மா விறுவிறுவென்று உள்ளே போய்ப் பேத்தியை வாரிக்கொண்டாள். நான் முற்றத்திலேயே நின்றுவிட்டேன். டாக்டர் சொன்னது அறிவுக்குப் புரிந்தது, காலுக்குப் புரியவில்லை.

“என்னக்கா அங்கனயே நிக்கிற? வந்து தூக்கு,” என்றாள் தங்கை. நான் அசையாததைப் பார்த்து, அவளே நடந்து வந்து பிள்ளையை என் கையில் வைத்தாள். துணியைவிட லேசாக இருந்தது. பால் வாசனை அடிக்கும் என்பார்கள். எனக்கு இன்னும் வாசனை தெரியவில்லை. பிள்ளை கொட்டாவி விட்டு, என் முகத்துக்கு நேராகத் தலையைத் திருப்பியது.

தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முதுகில் கையை வைத்து, “மூச்ச விடுக்கா,” என்றாள்.