எனக்கு நானே போட்டி

ஒரு தரகரை நம்பினால் வீடு கிடைக்க நாளாகும், இரண்டு பேரிடம் சொல்லி வைத்தால் சட்டென்று முடியும் என்கிற மகா புத்தி எனக்குத்தான் தோன்றியது. அப்போது நான் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. சம்பளம் பதினைந்து ரூபாய். வாடகை மூன்றைத் தாண்டினால் அரிசிப் பானையில்தான் கை வைக்க வேண்டும்.

குடியிருந்த வீட்டை ஆனி முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள், குடிவைக்கவும் மாட்டார்கள். மனைவிக்கோ நிறைமாதம். பிரசவத்துக்குப் போக அவளுக்குத் தாய்வீடும் இல்லை.

டவுனில் ஒரு தரகர், பேட்டையில் ஒரு தரகர். ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க மாட்டார்கள். இருவரும் தனித்தனியே கூட்டிப்போய்க் காட்டியது ஒரே வீடு, வாய்க்கால் பாலத்துப் பக்கம், மூன்று ரூபாய். யார் முடித்தால் என்ன என்று இருவரிடமும் ‘சரி’ என்றேன். அடிமடையன்!

ஆனி கடைசி நாள் காலையில் சாமான் வண்டியோடு போய் இறங்கினேன். வண்டிக்குள் மனைவி மடியில் பால் செம்பு, புதுவீட்டில் காய்ச்ச. வாசலில் தரகர்கள் இருவரும் வீட்டுக்காரரை நடுவில் நிறுத்திக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“என் ஆளு நாலு தருவாரு.”

“என் ஆளு நாலரை!”

“அஞ்சுவே! சர்க்கார் உத்தியோகம், தெரியும்லா?”

வீட்டுக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “ரெண்டு ஆளையும் கூப்பிடுங்கவே, மூஞ்சியப் பாப்போம்” என்றார். இருவரும் ஒரே சமயத்தில் என்னைக் காட்டினார்கள்.

தெருவே சிரித்தது. வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

“அண்ணாச்சி, நான் அப்படிச் சொல்லவே இல்ல. மூணுதான் என்னால முடியும்.”

“அஞ்சுக்குப் போகும்னு எனக்கே இப்பந்தான் தெரியுது. ஆவணியில ஆளு வராமலா போயிரும்?” என்று பூட்டைப் போட்டுச் சாவியை மடியில் செருகினார்.

கும்பிட்டேன், கெஞ்சினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவனுக்கு யார் இரங்குவார்கள்? தரகர்கள் இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே நழுவிவிட்டார்கள். நடுத்தெருவில் எனக்கு அழுகை வந்தது.

“ஏங்க, வெயில் ஏறுது. பால் திரிஞ்சிரும்” என்றாள் அவள்.

வண்டிக்காரர் மாட்டைத் திருப்பிவிட்டுக் கேட்டார்: “எங்கன போவணும் அண்ணாச்சி?”

“பைய ஓட்டும்” என்று மட்டும் சொன்னேன்.