தேவகியின் குளிர்

செவ்வாய்க்கிழமை காலை, காத்ர் போர்ன் நகரத்தில் நான் இப்போது கற்பிக்கும் பள்ளிக்குத் தொலைபேசி வந்தது. தேவகி டீச்சர் போய்விட்டார். தீவின் தெற்கே அவள் ஊரான செமின் கிரனியேக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கையைத் தொட்டேன். திடுக்கிடவில்லை. உயிரோடு இருந்த நாளிலேயே அந்தக் கையின் குளிர்ச்சி எனக்குப் பழக்கம்.

இந்த அஞ்சலியைப் படிக்கும், அவளோடு பணியாற்றிய உங்களுக்கு நினைவிருக்கும். பிப்ரவரிக் கோடை வெயிலில் நாமெல்லாம் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருக்க, ஆலையில் வேலை பார்க்கும் தங்கை கொண்டுவந்த கம்பளி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "மோ பே காங் ஃப்ரே, அக்கா. எலும்புக்குள்ளே குளிருது" என்பாள். "வெள்ளைக்காரன் காசு கட்டிக் காய வருகிற வெயிலடி இது" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்பு முகத்துக்கு வந்து சேரச் சற்று நேரமாகும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கோவிலுக்குள்ளிருந்து ஓர் ஆண் பாடுவது கேட்டது. எட்டிப் பார்த்தால் தேவகி மட்டும் இருந்தாள். வாய் அவளுடையது, குரல் யாருடையதோ. செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன். செத்துப்போன அப்பா அவளுக்குள் இறங்கிவிட்டார் என்று ஊர் பேசியது. அவள் கழுத்தின் நீலப் புள்ளிகளைப் பார்த்தவர்கள் சூனியம் என்றார்கள்.

புள்ளிகளின் கதை எனக்குத் தெரியும். ஏழு வயதில் கழுத்தில் புற்றுநோய் வந்து, பிரான்சில் கதிர் சிகிச்சை கொடுத்தபோது இடம் குறிக்கப் பச்சை குத்திய அடையாளங்கள் என்று ஒருநாள் பஸ்ஸில் சொல்லியிருந்தாள். குணமானதும் அவள் அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அந்த நோயின் பெயர் இனி இந்த வீட்டார் வாயில் வராது என்பதே வேண்டுதல். சொன்னால் அது கேட்டுவிடும், திரும்பி வரும் என்று நம்பினார்.

டாக்டரிடம் தேவகி, அவள் அம்மா, நான் மூவரும் போனோம். "சின்ன வயதில் பெரிய வியாதி ஏதாவது?" என்று கேட்டார். "இல்லை" என்றார் அம்மா. தேவகி என்னைப் பார்த்தாள். என் வாய் எதற்கும் அடங்காது என்பது ஊரறிந்தது. அன்று அடங்கியது. எனக்கும் அந்தப் பெயரைச் சொல்லப் பயம். ரத்தசோகை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

இரண்டு வருடம் போயிற்று. முகம் ஊதியது, புருவம் பாதி உதிர்ந்தது. ஒருநாள் கரும்பலகை முன் சாக்பீஸைத் தூக்கியபடி அசையாமல் நின்றாள். பிள்ளைகள் ஓசையில்லாமல் நழுவி வந்து என்னைக் கூப்பிட்டார்கள். மறுபடி டாக்டர். இம்முறை அவளே சொன்னாள். "பா திர்! சொல்லாதே!" என்று அம்மா அவள் வாயைப் பொத்தப் போனார். "சொல்லலே, அப்பவும் வந்துச்சே, அம்மா" என்றாள் தேவகி.

அன்று கழுத்தில் பட்ட கதிர் இத்தனை வருடம் கழித்துத் தைராய்டு சுரப்பியை முடக்கியிருக்கிறது என்று ரத்தப் பரிசோதனைக்குப் பின் டாக்டர் விளக்கினார். தினம் ஒரு மாத்திரை போதும். ஆனால் கவனிக்காமல் விட்ட காலத்தில் இதயம் தளர்ந்துவிட்டது என்றார். குரல் திரும்பியது. ஸ்வெட்டரைக் கழற்றினாள். மூன்று வருடம் நன்றாக இருந்தாள்.

சாவு வீட்டில், இந்த அஞ்சலியை நான் எழுதப்போவது தெரிந்து, தேவகியின் அம்மா என் காதருகே வந்தார். "இதயம்னு மட்டும் எழுது, மிஸ்." தலையாட்டிவிட்டு வந்தேன்.

மன்னியுங்கள், அம்மா. தேவகிக்குக் குழந்தையாக இருந்தபோது புற்றுநோய் இருந்தது. இதைப் படிப்பவர்களே, உங்கள் வீடுகளிலும் அப்படிப் பிழைத்து வளர்ந்தவர்கள் இருந்தால் டாக்டரிடம் பெயரைச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. அவளுடைய இரண்டு வருடம் என்னிடம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க ஆளில்லை.