கயிறு தொய்ந்தால் நடை

எழுபதுகளின் நடுவில், கல்யாணமான இரண்டாம் வருஷம், திருநகரில் தனிக்குடித்தனம் வைத்தோம். கணவருக்கு மில்லில் ஷிஃப்ட் வேலை. வீட்டில் இருந்தால் தூங்குவார், இல்லையென்றால் இருக்கவே மாட்டார். எனக்கோ அந்தத் தெருவில் ஒருவரையும் தெரியாது. ஒன்பது பேர் ஒரே நேரத்தில் பேசும் வீட்டில் வளர்ந்தவள் நான். இங்கே வந்து வாயைத் திறக்காமல் கிடந்ததில் பைத்தியம் பிடிக்காததுதான் மிச்சம்.

அப்போதுதான் கணவரோடு வேலை பார்த்த ஒருவர் வெளியூருக்கு மாறிப் போகையில் தன் ராஜபாளையம் நாயை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். தலையில் கட்டினார் என்பது கணவரின் பேச்சு. என்னைக் கேட்டால் குலதெய்வம் அனுப்பியது என்பேன். வெள்ளை வெளேரென்று, என் இடுப்பளவு உயரம். பழைய பெயரைச் சொன்னால் திரும்பாது, "டேய்" என்றால் ஓடி வரும். உப்புக் கூடிப்போன சாம்பாரிலிருந்து மாமியாரைப் பற்றிய என் அபிப்பிராயம் வரைக்கும் அத்தனையையும் அதனிடம்தான் சொன்னேன். ஒன்றையும் வெளியில் விடவில்லை. அதற்காகவே அதற்குக் கோயில் கட்டலாம்.

தொல்லையெல்லாம் வாசலைத் தாண்டினால்தான். வேட்டை நாய் இல்லையா, ஆடு கண்ணில் பட்டால் போதும், தெரு முனை வரை என்னை இழுத்துக்கொண்டு ஓடும். யார் யாரை நடத்திக்கொண்டு போகிறார்கள் என்று தெருவே நின்று வேடிக்கை பார்க்கும்.

கணவரின் அண்ணன் திருமங்கலத்துக்கு மேற்கே விவசாயம் பார்த்தார். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாடு பழக்குவதில் கெட்டிக்காரர். நாய் வந்த புதிதில் ஒருநாள் பார்த்துவிட்டு, "காளையவே புடிச்சு நடத்துறோம், இது எம்புட்டு! அது இழுத்தா நீயும் சுண்டி இழு தாயி" என்று சொல்லிப் போனார். அவர் சொன்னபடியே செய்தேன். காளைக்கு மூக்கணாங்கயிறு உண்டு, சுண்டினால் வலிக்கும், நிற்கும். நாய்க்கு இருப்பது கழுத்துப் பட்டை. நான் பின்னால் இழுக்க இழுக்க அது தேர் இழுப்பதுபோல முன்னால் எக்கியது. ஒரு காலையில் என்னைக் குப்புறத் தள்ளியே விட்டது. முழங்கையில் சதை பெயர்ந்துவிட்டது.

காயத்துக்கு டிங்சர் தடவிக்கொண்டே கணவர் சொன்னார்: "போதும். அண்ணன்ட்ட சொல்லி விட்டுட்டேன். உரம் எடுக்க டிராக்டர் வாரப்ப ஏத்திட்டுப் போயிருவாரு. தோட்டத்துக் கிணத்து மோட்டார் ரூம்ல கட்டிப் போட்டா காவலுக்கு ஆச்சு."

அன்று முழுக்க அழுதேன். மறுநாள் அழுகை போய்க் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் சும்மா இருக்கமாட்டேன். நாயைப் பிடித்துக்கொண்டு மறுபடி தெருவில் இறங்கினேன். பாதி வழியில் செருப்பு வார் அறுந்து தொலைத்தது. ஒரு கையால் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நாய் இழுத்துப் பார்த்தது. நான் இழுக்கவில்லை, நகரவும் இல்லை. என்ன ஆச்சு இவளுக்கு என்று திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தது. கயிறு தொய்ந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். திரும்ப இழுத்தது. திரும்ப நின்றேன். திரும்பவும் வந்தது.

அதையே பிடித்துக்கொண்டேன். கயிறு விறைத்தால் நிற்பது, தொய்ந்தால் நடப்பது. பக்கத்தில் ஒட்டி வந்தால் முந்தானையில் முடிந்திருந்த பொட்டுக்கடலை கொஞ்சம். சொல்ல லேசாகத்தான் இருக்கிறது. சோறு வேகும்வரை பொறுக்காமல் மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறவள் நான். கடைக்குக் கிளம்பினால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நின்று போனேன். "என்னக்கா, வழி மறந்து போச்சா?" என்று பால்காரர் கேலி பேசினார். சிரித்துவிட்டு அங்கேயும் நின்றேன்.

ஆடுகளைக் கடக்கிற பாடம் இன்னும் பாக்கியிருக்க, டிராக்டர் வந்துவிட்டது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். மாமா காப்பியைக் குடித்துவிட்டு, "வண்டி மெயின் ரோட்டுல டீக்கடைகிட்ட நிக்குது. அப்ப வாரேன் தாயி" என்று நாயைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு எங்கள் குடும்பத்தில் கிடையாது. வண்டி வரைக்கும் வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் பின்னால் போனேன்.

வாசல் தாண்டியதும் நாய் எக்கியது. அவர் காளையைச் சுண்டுவதுபோலச் சுண்டினார். அது பாய்ந்தது. துண்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் போக, அவரும் பின்னாலேயே ஓடினார். தெரு முனையில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"மாமா! நில்லுங்க!"

கத்தியது நான்தான். அவரை அப்படி அதட்ட என் மாமியாருக்கே தைரியம் கிடையாது. அவர் நின்றுவிட்டார்.

"இழுக்காதீங்க மாமா. சும்மா நில்லுங்க, அது வரும்."

நின்றார். நாய் திரும்பிப் பார்த்தது, வந்தது.

"இப்ப நடங்க."

நடந்தார். அடுத்த முறை விறைத்தபோது நான் சொல்லாமல் அவராகவே நின்றார். ஆடுகளைத் தாண்டும்போது நாயின் உடம்பெல்லாம் நடுங்கியது. ஆடுகளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, கயிறு தொய்ந்தபடியே தாண்டிவிட்டது. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. அடுத்த நொடி, வண்டியேறப் போகிற நாய்க்கு எதற்குக் குதிப்பது என்று தோன்றியது.

டீக்கடையில் டிரைவர், டிரெய்லரில் உர மூட்டைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி வைத்திருந்தார். நாய் வந்து என் காலோடு ஒட்டி நின்றுகொண்டது. குனிந்து அதன் தலையைத் தடவினேன். நிமிர்ந்து மாமாவைப் பார்க்க முடியவில்லை. அவர் நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"மோட்டாருக்கு வேற நாய் பாத்துக்கிறேன். அங்கன எங்களுக்குப் பேச்சுத் துணைக்கு ஊரே இருக்கு. உனக்கு இங்கன யாரு இருக்கா தாயி? தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வண்டியில் ஏறிவிட்டார். அந்த மனுஷரை இப்போது நினைத்தாலும் கை கூப்பத் தோன்றுகிறது. நான் தனியாகக் கிடக்கிறேன் என்பதைக் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை, நாயிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். டிராக்டர் கண்ணுக்கு மறையும்வரை ரோட்டோரம் நின்று அழுதேன். நாயும் இழுக்காமல் கூடவே நின்றது.