அம்மனின் வாளுக்கு வழி கேட்டவர்

பரமேஸ்வரி அக்காவின் மறைவுச் செய்தி பணியிடத்தில் என்னை வந்தடைந்தது. "பிள்ளை, அக்கா விடியப் போயிட்டா," என்றார் எங்கள் அம்மன் ஆலயத்தின் தலைவர்.

எங்கள் ஜெர்மன் நகரத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஓய்வுபெறும்வரை தாதியாக இருந்தவர் அக்கா. கத்திக்குத்துக்கு ஆளான இளைஞர்களின் காயங்களைக் கழுவியவர். கத்தி, வாள் கொண்டுசெல்லத் தடையுள்ள பகுதிகளை வரையறுக்கும் அதிகாரத்தை மாநில அரசு நகரங்களுக்கு வழங்கியபோது, நகரசபையின் பொதுக்கூட்டத்தில் எழுந்து அதை ஆதரித்த ஒரே தமிழர் அவர்.

தடை வந்தது. தொடருந்து நிலையத்தைச் சுற்றி வரைந்த எல்லைக்குள் எங்கள் ஆலய வீதியும் அகப்பட்டது. விசயதசமியன்று அம்மன் வீதிக்கு எழுந்தருள, அசுரனாகப் பாவித்து நட்ட வாழையைக் குருக்கள் வாளால் வெட்டும் மானம்பூத் திருவிழா நின்றுவிடும் நிலை. ஆலய நிர்வாக சபை கூடியது.

"ஏன் அக்கா கரைச்சல்? மரவாளோட முடிப்பம்," என்றார் தலைவர்.

"மரவாளைக் கண்டால் வாழையே சிரிக்கும்."

"நீங்கள்தானே தடை வேணுமெண்டு நிண்டனீங்கள்!"

"ஓம், நான்தான். சண்டைக்கு வாற கத்திக்குத் தடை கேட்டனான். அம்மன்ர வாளுக்குச் சட்டத்தில இடம் இருக்கு. அதையும் நான்தான் கேப்பன்."

மனு எழுதும் பொறுப்பு எனக்கு. எவரிடமும் பாடம் கேளாமல், நூலகத்து நூல்களைக் கொண்டே ஜெர்மன் மொழியைக் கற்றவள் நான். அந்த மனுவின் நடையில் எனக்குப் பெருமை மிகுதி. அக்கா படித்தார். "உம்மட கடிதம் கலியாணச் சீலை மாதிரி நல்லாத்தான் இருக்கு. நகரசபைக் கந்தோருக்கு ஒரு நேர் வசனம் காணும்." மனம் நொந்தே அலங்காரங்களைக் களைந்தேன்.

நகர அலுவலர் விலக்கு எதுவும் இல்லை என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "எல்லையை நீங்கள் வரையுங்கள், அதற்காக நானே பேசினேன். மரபுச் சடங்குகளுக்கு மத்திய அரசின் சட்டம் திறந்துவைத்த வழியை ஒரு நகரம் அடைக்க முடியாது. முடியும் என்றால் அந்தப் பிரிவைக் காட்டுங்கள்." அலுவலர் மேலதிகாரியை அழைத்தார். அனுமதி அவ்வாண்டுக்கு மட்டும் கிடைத்தது.

திருவிழாவன்று வாள் பூட்டிய நாதசுவரப் பெட்டிக்குள் வீதிக்கு வந்தது. காவலுக்கு நின்ற பெண் அதிகாரியின் கையில் அக்கா சாவியைக் கொடுத்தார்: "நீங்களே திறவுங்கள்." அவர் திறந்தார், குருக்கள் வெட்டினார், வாழை சாய்ந்ததும் அந்த அதிகாரியே பெட்டியைப் பூட்டினார். "இப்ப அம்மனுக்கும் பொலிசுக்கும் நிம்மதி," என்றார் அக்கா.

ஈமக்கிரியை முடிந்த கிழமையே சபையில் பழைய பேச்சு எழுந்தது: அக்காவும் இல்லை, இம்முறை மண்டபத்துக்குள்ளேயே வெட்டுவோம் என்று. நான் மறுத்தேன். நியாயமான தடையை வேண்டி நிற்பதும், அத்தடை தன் எல்லையைத் தாண்டும்போது எதிர்த்து நிற்பதும் ஒரே மனச்சாட்சியின் கடமை என்ற உறுதி அவரிடமிருந்து நான் பெற்றது. அதை எவருக்காகவும் கைவிடேன்.

இவ்வாண்டு அனுமதி கேட்க நகர அலுவலகத்தில் சந்திப்புக்கு டெர்மின் எடுத்துவிட்டேன். தலைவரையும் உடன் வரக் கேட்டேன்.

"நான் வந்து அங்க என்னத்தைப் பேசுறது?"

"நீங்கள் பக்கத்தில இருங்கோ அண்ணை. பேசுறது நான்."