எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

ஏழு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எங்கள் மாமாவோ நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது.

கொழுந்து நிறுக்கிற தராசு பொய் சொல்கிறது என்று, காலையில் எல்லாரும் வேலைக்குக் கூடி நிற்கிற பெரட்டுக்களத்தில் அவர் உரக்கச் சொல்லிவிட்டார். தோட்டத்துத் துரை வேலைப் பதிவிலிருந்து அவர் பேரை வெட்டினார். அவரோடு ஒட்டு உறவு வைக்கிற வீட்டுக்கும் அதே கதிதான் என்று கணக்கப்பிள்ளை எங்கள் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாக வந்து சொல்லிவிட்டுப் போனார். மாமா அப்புத்தளையில் ஒரு மரக்கறிக் கடையில் மூட்டை தூக்கப் போய்விட்டார். தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்குச் சில வருடங்களுக்கு முந்திய கதை இது.

"என் தம்பி மடியில வச்சுக் குத்திருவோம்" என்றார் அப்பா.

"ஏன், என் தம்பி செத்தா போயிட்டான்?" என்றாள் அம்மா.

இந்தப் பேச்சு ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் எங்கள் வீட்டில் நடக்கும். அந்த வருடம் அப்பா தோற்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: யார் கண்ணிலும் படக் கூடாது. தோட்டத்து வாசலில் காவல்காரன் இருப்பான். ஆகவே, ரோட்டு வெட்டுவதற்கு முன்னால் ஆட்கள் நடந்த பழைய மலைப்பாதையில் போவதென்று முடிவாயிற்று. அம்மா மாமாவுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பினோம். அம்மா தன் கொழுந்துக் கூடையில் அரிசி, வெல்லம், பானை, தேங்காய், வாழைப்பழம் எல்லாவற்றையும் அடுக்கி, கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டாள். என் முதுகில் ஒரு பழைய சேலைத் துண்டில் விறகு. அட்டை கடிக்காமலிருக்கக் கால் நிறையச் சவுக்காரம் தேய்த்திருந்தோம்.

பாதை என்று சொன்னார்களே தவிர, அங்கே பாதை இல்லை. கைவிட்ட தேயிலை மரமாக வளர்ந்து நின்றது. அதற்கு மேலே மானாப்புல் என் தலைக்கு மேல் போயிற்று. அம்மா கவ்வாத்துக் கத்தியால் வெட்டி வெட்டி முன்னால் போனாள். ஒவ்வொரு வெட்டுக்கும் யாரையோ திட்டினாள். பாதி எனக்குத் தெரிந்த பேர்கள். முள் கிழித்து நான் அழுதபோது, "அழுவுறதா இருந்தா நடந்துகிட்டே அழு" என்றாள். நடந்துகொண்டே அழுதேன். சவுக்காரத்தை அட்டைகள் மதிக்கவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறும்போது மலை முகட்டில் தோட்டத்து எல்லைக்கல் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் மாமா நின்றார். கூடக் காது குத்த ஒரு ஆசாரி, வேட்டியைத் தூக்கிப் பிடித்து அட்டை பிடுங்கியபடி.

மாமா கல்லுக்கு அப்பால் ஒரு பாறையில் துண்டை விரித்தார். "புள்ளைய இங்க குடுக்கா."

அம்மா கூடையை இறக்கவில்லை. "நீ இங்க வா."

"வேணாங்க்கா. யாராச்சும் பாத்தா மச்சான் பேரையும் வெட்டிருவாங்க."

"நம்ம அப்பாவ எங்கடா பொதைச்சோம்? இந்த மண்ணுலதானே? கல்லு நட்டவனுக்கு இல்லாத உரிமை அவரு புள்ளைக்கு இருக்கு. வா இந்தப் பக்கம்."

மாமா கீழே தோட்டத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிறவர் மாதிரி கல்லைத் தாண்டி வந்தார். என்னை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி குத்தியபோது நான் போட்ட சத்தத்தில் காட்டுக்கோழிகள் பறந்தன. பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. அதையும் தின்றோம்.

இருட்டுகிற நேரத்தில் லயத்துக்குத் திரும்பினோம். யார் கண்ணிலும் படவில்லை. அப்பா நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலையில் அம்மா என் தலைமுடியை வழித்து வாரி, காது இரண்டும் தெரிய இறுக்கிப் பின்னினாள். என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அப்பா வாசலை மறித்தார்.

"ஒளிஞ்சு போனது ஒங்களுக்காக" என்றாள். "இது எனக்காக."

அப்பா வழியை விட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு நடந்தார்.

பெரட்டுக்களத்தில் அம்மா என்னை முன்வரிசையில் நிறுத்தினாள். கணக்கப்பிள்ளையின் பார்வை என் காதில் வந்து நின்றது. "யாரு மடியில வச்சுக் குத்துனது?"

"அவ தாய்மாமன் மடியில. நம்ம தோட்டத்துக்குள்ளதான்."

கணக்கப்பிள்ளை அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனியவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் வந்து, கணக்கப்பிள்ளைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து என் காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தி. பிறகு கூடையோடு நின்ற பெண்களெல்லாம் வரிசையாக வரத் தொடங்கினார்கள். கணக்கப்பிள்ளை இரண்டு தடவை விசில் ஊதினார். கொழுந்து பறிக்க யாரும் மலைக்குக் கிளம்பவில்லை.

காது வலித்தாலும் நான் ஆளாளுக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். கடுகளவு தோடு அது. அதில் பார்ப்பதற்கு அத்தனை பேருக்கும் என்ன இருந்தது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.