பெரியவருக்கு அளவெடுத்த மெத்தை

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மேல்மாடியில் ஏதாவது ஒரு குழந்தை போய்ச் சேர்ந்துவிட்டால், கீழ்வாசலில் ‘பழுது’ என்ற பலகையை மாட்டிவிட்டு மேலே போவார். அந்தத் தாயையும் அவள் கையில் இருப்பதையும் மட்டும் ஏற்றிக்கொண்டு இறக்குவார். நடுவில் யாரும் ஏறி வேடிக்கை பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். கீழே வந்து சேரும்வரை சுவரைப் பார்த்தபடி நிற்பார். நன்றாக ஓடுகிற லிஃப்டைப் பழுது என்று சொன்னதற்கு மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. காரணம் அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். அந்த அம்மாள் சொல்லித்தான் பிறகு நாலு பேருக்குத் தெரிந்தது.

மனைவி கண்ணை மூடியதும் லிஃப்ட்காரர் மகன் வீட்டோடு வந்துவிட்டார். குளியலறைக்குப் போகும் நடையில், துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே அவருக்கு இடம். ஒரு பாய், ஒரு தலையணை. ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. அதிலிருந்து பாயில் புரண்டு படுப்பதே அவருக்குப் பெரும்பாடு.

மருமகளைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. வேளாவேளைக்குச் சோறு வந்துவிடும். நேரில் பேசும்போது ‘மாமா’தான். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் ‘அது சாப்டுச்சா’, ‘அது இன்னும் குளிக்கலையா’ என்று புருஷனிடம் கேட்பாள். அந்த வீட்டில் முகமெல்லாம் நரைத்த ஒரு கிழட்டு நாயும் இருந்தது. அதற்குச் செல்லப்பேர் பெரியவர். ‘பெரியவர் பால் குடிச்சாரா?’, ‘பெரியவர் தூங்குறார், மெதுவாப் பேசுங்க.’

லிஃப்ட்காரர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மனுஷன் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்று அதுவரைக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மேல்வகுப்புகளில் வேறு மாதிரி சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று தனக்குள் சிரித்துக்கொள்வார். நாயின்மேல் அவருக்குக் கோபமில்லை. பகலில் அவரிடம் வந்து நிற்கிற ஒரே ஜீவன் அதுதான்.

அந்த நாயும் மாடிப்படியில் உருண்டு இடுப்பை உடைத்துக்கொண்டது. வெறுந்தரையில் போட்டால் புண் வைத்துவிடும், உள்வாங்காத கெட்டி மெத்தையாகப் பார்த்துப் போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகள் கடைகடையாக ஏறி இறங்கினாள். ஒன்று மெத்துமெத்தென்று அமுங்கியது, ஒன்று நாற்றமடித்தது. கடைசியில், அளவெடுத்துச் செய்து தருகிற மெத்தைக்காரர் ஒருவரைப் போனில் பிடித்தாள். நடையில் படுத்திருந்த லிஃப்ட்காரர் காதில் எல்லாம் விழுந்தது.

“எங்க வீட்டுப் பெரியவருக்கு இடுப்பு போயிடுச்சுங்க. தன்னை அறியாம ஒன்னுக்குப் போயிடுறார். ரெக்சின் உறை வேணும். பகல்ல வந்து அளவெடுத்துக்குங்க, நாங்க இல்லேன்னாலும் அவர் இருப்பார். இடுப்பைத் தொட்டா மட்டும் கோவம் வரும், கடிச்சாலும் கடிச்சிடுவார்.”

எல்லா வீட்டிலும் அப்படித்தானம்மா என்று மெத்தைக்காரர் சிரித்தாராம்.

மறுநாள் பகலில் அவர் வந்தார். நாய் உள்ளறையில் கதவுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது. வந்தவர் நேராக நடைக்கு வந்து பாயருகே மண்டிபோட்டு உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று விசாரித்தார். லிஃப்ட்காரர் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அந்த மனிதரின் கை அவர் இடுப்புக்குக் கீழே போய், பாரம் எங்கே அழுத்துகிறது என்று பார்த்தது. அவரை ஒருவர் தொட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. திறந்த வாய் மூடிக்கொண்டது.

“வீட்ல வேற பெரியவர் யாரும் உண்டாங்கய்யா?”

“ஒருத்தர்தான்” என்றார்.

சொன்னது பொய்யில்லை. ஆனாலும் திருடியதுபோல் இருந்தது. ஆள் உயரத்துக்குத் தைத்துவிட்டால் பிறகு என்ன செய்வார்கள், போனால் போகிறதென்று தனக்கே விட்டுவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. ஆண்டவனிடம் எதையும் கேட்டுப் பழகாதவர். மெத்தை வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு, யாருக்கும் மனம் கோணாமல் முடித்துவை என்று மட்டும் கும்பிட்டுக்கொண்டார்.

விடுமுறை நாளில், எல்லாரும் இருக்கும்போது மெத்தை வந்தது. கூடத்தில் விரித்ததும் மருமகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். குதிரைக்கா கேட்டேன் என்றாள். பெரியவரை நானே அளந்தேனம்மா என்று மெத்தைக்காரர் நடைப் பக்கம் கைகாட்டினார். மகனுக்குத்தான் முதலில் புரிந்தது. அவன் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு லிஃப்ட்காரரும் கூடவே சிரித்துவைத்தார்.

“அது வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்று அவள் முதன்முறையாக அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

மெத்தைக்காரருக்கு முகம் செத்துவிட்டது. இது ஐயாவுக்கே இருக்கட்டும், அந்தப் பெரியவருக்குச் சின்னதாக ஒன்று தைத்துத் தருகிறேன் என்று இழுத்தார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “இவர் எழுந்து நடமாடுறாரு, வலிச்சா வாய்விட்டுச் சொல்லுவாரு. பெரியவர்தான் பாவம், சொல்லத் தெரியாமக் கெடக்கார்.”

அங்கேயே அறுத்தார்கள். நுரை நழுவாமலிருக்க மறுபக்கத்தைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

“மாமா, அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க.”

பிடித்தார். கத்தி அவர் முட்டி இருக்க வேண்டிய இடத்தில் இறங்கியது. மீந்த துண்டு, நாயை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது காரில் போட உதவும் என்று எடுத்துவைக்கப்பட்டது.

மெத்தை நாய்க்குப் பிடித்துவிட்டது. ஆனால் கூடத்துத் தரை வழவழப்பு. மெத்தையிலிருந்து காலை எடுத்துவைத்ததும் பின்னங்கால்களைப் பரப்பிக்கொண்டு விழுந்து ஊளையிட்டது. இவரை எங்கேதான் போடுவது என்று மருமகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அந்த ஊளையைக் கேட்கப் பொறுக்காமல் லிஃப்ட்காரர் யோசிக்காமல் சொல்லிவிட்டார்: நடையில் தரை சொரசொரப்பு, வழுக்காது, ஒன்றுக்குப் போனாலும் உடனே கழுவிவிடலாம்.

அவள் நடையைப் பார்த்தாள். பிறகு பாயைப் பார்த்தாள். நீங்கள் சொல்வதும் சரிதான் மாமா என்றாள்.

அந்த வாரமே மகன் ஒரு முதியோர் இல்லத்தில் பேசி முடித்தான். அங்கே கட்டிலே உண்டு, பேச்சுத்துணைக்கு நாலு பேர் உண்டு என்றான். புறப்படும்போது, சாய்ந்து உட்காரலாமென்று லிஃப்ட்காரர் காரின் பின்கதவைத் திறந்தார்.

“அதுல வேணாம்ப்பா, மெத்தைத் துண்டு அமுங்கிடும். முன்னாடி வாங்க.”

முன்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் குலுக்கலுக்கு ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டே வந்தார். இல்லத்து வாசலில் மகன் வண்டியை அணைக்காமலே பையை இறக்கி வைத்து, ஏதாவது வேண்டுமென்றால் போன் பண்ணச் சொன்னான். அவர் பையை எடுத்துக்கொண்டு இரண்டடி போனார். பிறகு திரும்பி, ஜன்னலில் குனிந்து சொன்னார்.

“பெரியவரை நான் கேட்டதாச் சொல்லுப்பா.”