தவிட்டுக்கு வந்த பெயர்

தவிட்டை உள்ளங்கையில் அள்ளினால் முதலில் ஒன்றும் தெரியாது. மெத்தென்று, இளஞ்சூடாக, தொட்டுக்கொண்டே இருக்கலாம் போலத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து விரலிடுக்கில் அரிப்பு தொடங்கும், பிறகு கழுத்து மடிப்பில், பிறகு முழங்கை மடக்கில், எத்தனை செம்பு தண்ணீர் ஊற்றினாலும் அன்று முழுக்க உடம்பின் ஏதோ ஓரிடத்தில் அது ஒட்டிக்கொண்டே கிடக்கும். என் பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் தவிட்டம்மாள், மண்ணூர்பேட்டையில் எங்கள் சந்துக்குள் ‘தவுடு’.

பெண் குழந்தைகளின் பெயருக்குப் பொருள் சொல்லும் புத்தகங்களில் இதைத் தேடாதீர்கள். பிறக்கிற பிள்ளைகள் தங்காமல் போய்க்கொண்டேயிருந்தால், அடுத்து வருவதை முறத்தில் கிடத்தி, வேறொரு வீட்டுக்காரிக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சாவு பழைய வாசலுக்கு வந்து பார்க்கும், இந்த வீட்டில் பிள்ளையே இல்லையே என்று திரும்பிப் போய்விடும் என்பது கணிப்பு. வாங்கியவள்தான் பெயர் வைப்பாள். வைத்துவிட்டு, பால் கொடுத்து வளர்க்கிற வேலையை மட்டும் பெற்றவளிடமே திருப்பித் தந்துவிடுவாள். பெயர் அழகாக இருக்கக் கூடாது, யார் கண்ணுக்கும் அது உறுத்தக் கூடாது. எனக்கு முன்னால் பிறந்து போன மூவருக்கும் என் அம்மா அழகழகான பெயர்கள் வைத்திருந்தாள்.

ஒரு காலத்தில் இது அபூர்வமான பெயரே இல்லை. பாரிவாக்கத்தில் என் அப்பா, நைனாவின் சொந்தத்தில் ஒரு தவிட்டம்மாள் இருந்தாள், பூந்தமல்லிப் பக்கம் இன்னொருத்தி. ஆண் என்றால் தவிட்டான். ஆனால் அந்தப் பரவலை நினைத்து யாரும் பூரிக்க வேண்டாம், ஒவ்வொரு தவிட்டம்மாளுக்கும் முன்னால் சில குழந்தைகள் மண்ணுக்குள் இருந்தன, அவ்வளவுதான். தடுப்பூசி வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பிள்ளைகள் தங்கின, பெயர் தேய்ந்தது; என் பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்தி மட்டும் மிஞ்சியிருந்தேன்.

வழக்கத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: விற்கிறவர்கள் தங்களைவிடக் கீழே இருப்பவர்களாகப் பார்த்துத்தான் விற்பார்கள், சாவு அங்கெல்லாம் எட்டிப்பார்க்காது என்பதால். எங்கள் குடும்பத்துக்குக் கீழே தேடிப் பார்த்தும் ஆள் கிடைக்காததால் மேலே போனார்கள். என் பெற்றோர் செய்த தவறு அதுதான். கோவிந்தம்மா ஊரின் பழைய நிலக்காரி. எந்த வயலில் நைனாவின் அப்பா ஏர் பிடித்தாரோ அந்த வயலின் சொந்தக்காரி. வயலெல்லாம் தொழிற்பேட்டையாகி, நைனா அதே மண்ணின்மேல் ஒரு வார்ப்படப் பட்டறையில் மணல் அள்ளப் போனபோது, கோவிந்தம்மா மிச்சமிருந்த இடத்தில் எருமைகள் கட்டி, டீக்கடைகளுக்கெல்லாம் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் ஒரு பிள்ளையை நீட்டினால் விளையாட்டாகவா வாங்குவாள்? நிஜமாகவே வாங்கிக்கொண்டாள்.

நினைவு தெரிந்த நாள் முதல், பள்ளிக்கூடம் போகும் முன் அவள் கொட்டகையில் பால் கேன்களுக்குள் தலையைவிட்டுச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பது என் வேலை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவள் என்னைக் காட்டிச் சொல்வாள், “நான் வாங்குன பொண்ணு. சும்மா இல்ல, தவுடு குட்த்து வாங்குனது.” கேட்டவர்கள் சிரிப்பார்கள். யாராவது ரசனையாக, “எருமைக்குப் போட்டிருந்தா பாலாவது குட்த்திருக்கும்” என்பார்கள், அதற்கு இன்னும் பெரிதாகச் சிரிப்பார்கள். சந்து மனிதர்களின் அன்பைப் பற்றி எழுதுகிற பலரைப் படித்திருக்கிறேன்; அவர்கள் வேறு சந்தில் வளர்ந்திருக்க வேண்டும்.

இதைவிடக் கசப்பானது என் வீட்டுக்குள் இருந்தது. விற்ற பிள்ளையைத் தன்னுடையது என்று பெற்றவள் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் சாவுக்குக் காது கேட்டுவிடும். என் அம்மா அஞ்சலை அதை இம்மி பிசகாமல் காத்தாள். குழாயடியில் புதிதாக வந்தவள் யாராவது, “இது உன் பொண்ணா?” என்று கேட்டால், என் முகத்தைப் பார்க்காமல், “அவுங்க ஊட்டுப் பொண்ணு” என்று எருமைக் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டுவாள். தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு ‘எம்புள்ள’ என்று கொஞ்சும் அதே வாய். அது பயம் என்று இப்போது புரிகிறது, ஆனால் புரிந்ததனால் அந்த வயதின் எரிச்சல் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பத்தாம் வகுப்பில் கணக்கு டீச்சர் என்னை மட்டும் கூப்பிட்டு, பரீட்சைக்குப் பெயர் அனுப்பும் முன் மாற்றிக்கொண்டால் உண்டு, அதற்குப் பிறகு சான்றிதழில் விழுந்துவிட்டால் சாகிறவரை இதுதான் என்றார். என்ன பெயர் வேண்டும் என்று கேட்டதும் யோசிக்காமல் ‘கவிதா’ என்றேன். வகுப்பில் ஏற்கெனவே நிறைய கவிதாக்கள் இருந்தார்கள். அந்தக் கும்பலுக்குள் போய் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

நைனா உடனே தலையாட்டினார். அம்மாதான் நடுங்கிப்போனாள். பெயரைக் கட்டிவிட்டவளே அவிழ்க்காமல் அதை எடுத்தால் உயிரும் கூடவே வந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. அவிழ்ப்பதற்கும் ஒரு முறை இருந்தது: வாங்கின தவிட்டைத் திருப்பிக் கொடுத்து, அவள் வாயாலேயே “உன் பொண்ண நீ எடுத்துக்கோ” என்று சொல்ல வைக்க வேண்டும். ஒரு படிக்கு ஒரு படி கொடுத்தால் போதும். நைனா மானஸ்தர், பூந்தமல்லி அரிசி மில்லிலிருந்து ஒரு மூட்டையையே சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். வெற்றிலை பாக்கு, பூவோடு மூன்று பேரும் கொட்டகை வாசலில் போய் நின்றோம்.

“இன்னாடி அஞ்சல, மூட்டையோட வந்துகீறீங்க? எருமைக்கா, எனக்கா?” என்றாள் கோவிந்தம்மா, கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்திருக்காமலே.

“பேர அவுத்து உடணும்மா. இஸ்கூல்ல மாத்துறாங்களாம்” என்றாள் அம்மா.

“இன்னா பேரு வெக்கப்போறீங்க மகாராணிக்கு?”

“கவிதா” என்றேன் நான்.

“பாருடா! வரட்டி தட்டுற கைக்குக் கவிதா கேக்குதா?” கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தவன்கூடச் சிரித்தான். “அவுக்க முடியாது, போ. நாளைக்கி இது செத்துப் பூட்ச்சின்னா எந்தலையில போடுவ. நான் வெச்ச பேரு, நான் வாங்குன பொண்ணு.”

நைனா, பட்டறையில் மேஸ்திரி முன்னால் நிற்கிற அதே கூனலோடு, “பெரிய மனசு பண்ணணும்மா” என்றார். 

“மனசெல்லாம் கீது ஏழுமல. இத்த அவுத்து உட்டுட்டா காலைல வந்து கேன யாரு கழுவுவா, உன் பொண்டாட்டியா?”

அந்த வார்த்தையில் எல்லாம் வெளியே வந்து விழுந்தது. இத்தனை வருடமும் என்னைச் சாவிடமிருந்து மறைத்து வைத்திருப்பவள் என்று அம்மா நம்பியவள், கேன் கழுவ ஆள் வைத்திருந்தாள். அம்மா கேரியரிலிருந்து மூட்டையை இழுத்துக் கீழே தள்ளி, வாய்க்கட்டைப் பல்லால் கடித்து அவிழ்த்து, கொட்டகைக்குள் இழுத்துப் போய் எருமைத் தொட்டியில் கவிழ்த்தாள். எருமைகள் தலையைப் போட்டன. தவிடு புகையாக எழும்பி அவள் முடி, புருவம், ரவிக்கை எங்கும் படிந்தது.

“உன் தவுட்ட உன் எரும துன்னுது பாரு. இது எம்பொண்ணு. நான் பெத்தது. எம்பொண்ணு!”

சந்து முழுக்கக் கேட்டது. கோவிந்தம்மா முதன்முறையாகக் கட்டிலை விட்டு எழுந்தாள். “அடிப்பாவி, உன் வாயாலயே சொல்லிட்ட. நாசமாப் போவ, இது தங்குதா பாரு” என்று மண்ணை வாரித் தூற்றினாள். நைனா சைக்கிளை மறந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அம்மா நிமிர்ந்து நடந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. எனக்கு ஒரு தும்மல் வந்தால் அவள் முகம் வெளுத்துவிடும். காய்ச்சல் வந்தால் சோறு இறங்காது, “வாயத் தொறந்து சொல்லிட்டேனே” என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னை ஆவடி ஏரிப் பக்கம் போகவிட மாட்டாள், ரயில் கேட்டைத் தாண்டவிட மாட்டாள். பள்ளியில் நான் கவிதாவாகி, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகும், அலமாரி ஓரத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன கண்ணாடித் தம்ளரைப் பார்ப்பதுபோலவே என்னைப் பார்த்தாள். கடைசியில் போனது நானல்ல, அவள்தான். கோவிந்தம்மாவின் சாபம் என்மேல் பலிக்கவில்லை, என் அம்மாவின் நிம்மதியை மட்டும் தின்று தீர்த்தது. சாபம் விட்ட கிழவி செத்தபோது நான் போகவில்லை.

போன மாதம் தம்பி மகள் பிரியாவைப் பார்க்கக் காட்டுப்பாக்கத்துக்குப் போயிருந்தேன். ஏழு மாதம். சோபாவில் சாய்ந்து, செல்போனில் ஏதோ ஒரு தளத்தில் பெயர் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் மூலம், பொருள், எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று போட்டிருந்தது. “யாருக்குமே இல்லாத பேரா வேணும் அத்த. உனக்கு எதுனா தெரியுமா?” என்றாள். எந்த நேரத்து வாயோ, முழுக்கதையையும் சொல்லிவிட்டேன். கண் கலங்கக் கேட்டாள். கேட்டு முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “செம்ம ரேர் நேம் அத்த. வீட்ல ‘தவி’ன்னு கூப்டலாம், க்யூட்டா இருக்கும்ல?” என்றாள்.

“வெச்சேன்னா உன் வாசல மிதிக்க மாட்டேன்” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவள் போனை மடியில் கவிழ்த்தாள்.

திரும்பும்போது மண்ணூர்பேட்டை வழியாகத்தான் வந்தேன். கொட்டகை இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது, எருமைகள் இல்லை, முறத்தோடு வாசல் வாசலாகப் போகிற பெண்களும் இல்லை. மறைந்துபோனவற்றுக்காகத் துக்கம் கொண்டாடும் அன்பர்கள், உங்கள் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துவிடாதீர்கள். அந்தப் பெயரில் இந்தப் பக்கத்தில் கடைசியாக இருந்தவள் நான். இப்போது ஒருவரும் இல்லை. பிறக்கிற பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.